மூஞ்சி இல்லாம என்ன போட்டோ?

பிப்ரவரி 2, திங்கள் – திருநெல்வேலி டவுன்

சித்தப்பா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியது நேற்று. ஆனால் நெல்லைச் சைவக் கல்யாணத்தில் நாக்கு காத்திருப்பது மறுநாளுக்குத்தான். மறுவீட்டுப் பந்தியில் சொதி போடுவார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலையை மூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் நேற்று ராத்திரி வந்த தலைப்பு ஞாபகம் வந்தது.

பழைய ஆபீஸ் தோழிகள் 14 பேர் வாட்ஸ்அப்பில் ஒரு படப் போட்டி நடத்துகிறோம். ஞாயிறு ராத்திரி தலைப்பு வரும். சனி நள்ளிரவுக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம். அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும், பழசைத் தோண்டிப் போடக் கூடாது. ஜெயித்தவள் அடுத்த தலைப்பைச் சொல்வாள், பரிசெல்லாம் கிடையாது. கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. 'மஞ்சள்' வந்த வாரம் முழுக்க ஆட்டோவின் நம்பர் பிளேட்டாகப் பார்த்து அலைந்தேன். 'வாசல்' வந்தபோதுதான் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் வேப்பிலை தொங்குகிறது என்றே தெரிந்தது.

இந்த வாரத் தலைப்பு: கை. கூடவே ஒரு நிபந்தனை, முகம் தெரியக் கூடாது.

பந்தியிலிருந்து எழுந்து நேரே சமையல் கொட்டகைக்குப் போனேன். அடுத்த பந்திக்கு இன்னொரு அண்டா ஆகிக்கொண்டிருந்தது. சொதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேங்காயில் மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் அப்புறம் சேரும். முதல் பாலை ஊற்றினால் கொதிக்கவிடாமல் இறக்கிவிட வேண்டும். புளி கிடையாது, எலுமிச்சம்பழம்தான். தேங்காய்ப்பால் மந்தம் பண்ணாமலிருக்க இலையில் இஞ்சிப் பச்சடி கட்டாயம் உண்டு.

நான் போன நேரம் முதல் பால் ஊற்றுகிற நேரம். தவசுப்பிள்ளையின் (இங்கே சமையல்காரரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு கை குண்டானைச் சாய்க்கிறது, இன்னொரு கை கரண்டியால் கலக்குகிறது, நடுவில் ஆவி. தலைப்புக்கென்றே அமைந்த கை.

"அண்ணாச்சி, கைய மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?"

அவர் கரண்டியை வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். தலையைக் கோதிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"கை போதும் அண்ணாச்சி."

"மூஞ்சி இல்லாம என்ன போட்டோ? நான் என்ன களவாணியா?"

அவர் நிமிர்ந்து நின்ற நேரத்தில் அண்டா கொதி வந்துவிட்டது. உதவிக்கு நின்ற பையன் ஓடிவந்து விறகை இழுத்தான். சொதி திரிந்ததா இல்லையா தெரியாது. நான் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. அதனால் என் போன் வெளியே சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே மணிமண்டபத்தில், ஒரே கல்லில் பெருந்தூணும் அதைச் சுற்றி ஒட்டி நிற்கிற சிறு தூண்களுமாக அந்த இசைத்தூண்கள். ஒரு பெரியவர் விரலை மடக்கித் தட்டித் தட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் சொல்வதைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கறுத்த கல், காய்த்துப்போன விரல். போன் இல்லாததால் கண்மூடிக் காதால் அனுபவித்தேன் என்று எழுதலாம்தான். உண்மையில் எரிச்சலோடுதான் நின்றேன்.

இருட்டுக்கடை வரிசை வளைந்து போயிருந்தது. சித்தப்பா நின்று வாங்கி வந்தார். சூடு ஆறாத அல்வாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நெய் ஒழுகும் என் கையையே எடுக்கலாமா என்று பார்த்தேன். போனைத் தொட முடியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய் – பத்தமடை

காலையில் நல்ல பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். வழி நெடுக வயலில் கதிர் தலைசாய்ந்து நிற்கிறது. பிசானம் அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

பத்தமடையில் பாய் நெய்கிற வீடு ஒன்றைச் சித்தி சொல்லிவிட்டிருந்தாள். வீட்டுக்குள் தரையோடு தரையாகத் தறி. பாவு பருத்தி நூல், ஊடை கோரை. ஆற்றங்கரைப் பக்கம் வளர்கிற கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கிழிக்க வேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நைசு. பட்டுப்பாய் என்று அவர்கள் சொல்வதை மடித்துக் கைப்பைக்குள் வைக்கலாம், அப்படி ஒரு குழைவு. கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெண் பேரையும் சேர்த்து நெய்வார்கள். 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு எங்க ஊர்ப் பாய்தான் போச்சு என்று, ஏதோ சொந்தக்காரப் பெண்ணுக்குச் சீர் அனுப்பின மாதிரி அந்த அக்கா சொன்னார்.

நேற்றைய பாடத்தை மனசில் வைத்துப் பயந்து பயந்து கேட்டேன். இங்கே நேர் எதிர்.

"கைய மட்டும் எடுத்துக்கிடுங்க. மொகம் வேண்டாம், வீட்டுல ஏசுவாவ."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். அறையில் ஒரே ஒரு பல்பு. வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் தானாகவே ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், அந்த நேரத்துக்குள் அவர் விரல் மூன்று இழை தாண்டிவிடும். எடுத்ததெல்லாம் புகை. கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன், தெருப் பிள்ளைகள் வந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா நெய்யுங்களேன்."

"மெதுவா நெய்தா எடைவெளி விழுந்துரும்லா. ஒங்க போட்டோவுக்காக பாயக் கெடுக்கச் சொல்லுதியளோ?"

நியாயம்தான். அறுபது படத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. சாயா கொடுத்தார். ஒரு சின்னத் தடுக்கு 350 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். பேரம் பேச வாய் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன் – காருகுறிச்சி

காருகுறிச்சி என்றால் பெரியவர்களுக்கு நாதஸ்வரம், அருணாசலம். எனக்குப் பானை. பொங்கல் முடிந்துவிட்டதால் அவசரம் இல்லை. சட்டியும் தொட்டியும்தான் வனைந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் சக்கரம். மண்ணை நடுவில் அப்பி, கட்டை விரலை உள்ளே விட்டு ஏந்தினால் சட்டி தானாக எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது. அந்த அண்ணாச்சி குனிந்தே இருந்ததால் முகப் பிரச்சினையே வரவில்லை.

சக்கரம் சுழல்வது தெரிய வேண்டும், கை மட்டும் தெளிவாக நிற்க வேண்டும். அதற்காக ஷட்டரை வினாடியில் 15-ல் ஒரு பங்குக்கு இறக்கினேன். கையில் பிடித்தால் ஆடும் என்று, கவிழ்த்துப் போட்டிருந்த பானையின்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். மோட்டார் ஓடும்போது அந்தத் தரையே அதிரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. போன் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நான் குனிவதற்குள் சேற்றுத் தண்ணீர் வாளிக்குள் தொபுக்கென்று விழுந்தது.

அண்ணாச்சி சக்கரத்தை நிறுத்தக்கூட இல்லை. ஒரு கையை வாளிக்குள் விட்டு எடுத்து, வேட்டியில் துடைத்து, "நல்ல மண்ணு. ஒண்ணும் ஆவாது" என்று நீட்டினார். போன் பேசியது, படம் எடுத்தது. ஆனால் ஸ்பீக்கர் ஊமை, லென்ஸுக்குள் பனி மூட்டம்.

ராத்திரி பாளையங்கோட்டையில் சித்தி அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். அரிசித் தூசி துளைக்குள் போய் இன்னும் கெடுக்கும், காற்றாட வைத்தாலே போதும் என்று படித்திருக்கிறேன். சித்தியிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா? அவள் தூங்கினதும் எடுத்து மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். விடியும்போது போன் மறுபடி அரிசிக்குள் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன் – முக்கூடல்

மூட்டம் ஒரு மூலையில் மட்டும் மிச்சம். சித்தியின் நாத்தனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டு, பூண்டும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பொங்குகிற சோறு. பஸ் ஸ்டாண்டில் வாங்கின பனங்கிழங்கையும் (5 கிழங்கு 30 ரூபாய்) நார் உரித்துத் தின்றோம். சாப்பிட்ட களைப்பில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன்.

எதிர்த் திண்ணையில் நாலைந்து பெண்கள் மடியில் சொளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சிதான். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் ஒடியாமல் வளையும். வெட்டின இலையை எடுத்து, தூளைப் பரத்தி, உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்குவது வரை கையைப் பார்ப்பதே இல்லை. பேச்சு முழுக்கச் சீரியலைப் பற்றி. 25 பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு முன்னாலேயே, இருந்த இடத்திலிருந்து ஜூம் போட்டு ஒரு படம் எடுத்துவிட்டேன். சாய்ந்த வெயில், காவி ஏறின விரல்கள், பல்லுக்கும் விரலுக்கும் நடுவே இழுபட்ட நூல். முகம் கழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. இந்த வாரத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான படம். அப்புறம்தான் எழுந்து போய்க் கேட்டேன்.

"இந்தக் கையவா?" அந்த அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "இத எடுத்து யார்ட்ட காட்டப் போறிய? சோத்துல வச்சாலும் தூள் வாடதான் அடிக்கும். எம் மவ நர்சிங் படிக்கா. அவ பாத்தா என்ன நெனப்பா?"

"கைதான்க்கா தலைப்பு."

"தலப்பு கெடக்கட்டும். எடுக்கணும்னா மொகத்த எடுங்க. நல்லதா ஒரு போட்டோ எனக்குக் கெடையாது. ஆதார்ல இருக்கது பேய் மாதி இருக்கு."

உள்ளே போனார். முகம் கழுவி, பவுடர் போட்டு, கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சங்கிலி சுவரைத் தாண்டி வந்து கழுத்தில் ஏறியது. நீலச் சுவர் முன்னால் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதோடு விட்டதா? அடுத்த ஒரு மணி நேரம் நான் அந்தத் தெருவுக்கே ஸ்டூடியோக்காரி. ஒன்பது பேர். ஒருத்தி கடைக்குப் போன மாமியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். ஓர் ஆச்சி மட்டும் சிரிக்கவே மாட்டேன் என்றார்.

"சும்மா சிரிங்க ஆச்சி."

"நாளைக்கு மால போடுததுக்குத்தான தாயி இது. பல்லக் காட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

தெருவே சிரித்தது, ஆச்சியைத் தவிர. கிளம்பும்போது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "கழுவிக் குடுப்பியள்லா?" பிலிம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. முக்கூடலில் போட்டோவை இன்னும் கழுவுகிறார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி – கூந்தன்குளம்

தலைப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தம்பியின் பைக்கில் கூந்தன்குளம் போய்விட்டேன். சித்தி மகன், இருபத்திரண்டு வயசு. வழியெல்லாம் பள்ளத்தில் இறக்கி ஏற்றி இடுப்பை ஒடித்துவிட்டான்.

குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தலைக்கு மேலே குடித்தனம் நடத்துகின்றன. அலகைத் தட்டுகிற சத்தம், சண்டைச் சத்தம், மீன் நாற்றம். ஊர்க்காரர்களுக்கு அது உறுத்துவதாகவே தெரியவில்லை. பறவை வந்தால்தான் ஊருக்கு மழையும் விளைச்சலும் என்றார் டீக்கடைக்காரர். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லையாம். தூரத்தில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக மிதந்தன. இமயமலையைத் தாண்டி வந்தவை, நாங்கள் நாங்குநேரியைத் தாண்டியதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

வெள்ளைப் பறவையைப் போனில் எடுப்பது தனி வம்பு. பின்னணி இருட்டாக இருந்தால் போன் அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து இறகே தெரியாது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுக்க வேண்டும். அதைத் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் "அக்கா, அங்கன பாரு, குஞ்சு" என்று கையை மேலே நீட்டினான். கூட்டிலிருந்து சொத்தென்று விழுந்தது, சரியாக அவன் புறங்கையில்.

நீட்டின கை நீட்டினபடி நின்றது. வெளிச்சம் ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தேன். வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொரு துளியும் தெளிவாக விழுந்தது. முகம் இல்லை. மூட்டம் படிந்த மூலையில் இலைதான் இருந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பீடி அக்காவின் கை, தம்பியின் கை. முதல் படத்தைப் போட்டால் ஜெயிப்பேன், அது நிச்சயம். அக்காவின் மகள் எங்கள் வாட்ஸ்அப்பைப் பார்க்கப்போவதில்லை, அதுவும் நிச்சயம். பதினொன்றரைக்குத் தம்பியின் கையை அனுப்பிவிட்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு தூங்கினேன். மற்றதை இன்னும் அழிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி – பாளையங்கோட்டை

கழுவக் கொடுத்தேன். ஒன்பது பெண்கள், தவசுப்பிள்ளை, பானை அண்ணாச்சி. பிரதிக்கு 20 ரூபாய், லேமினேஷனுக்கு 10 கூடுதல். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் பானை அண்ணாச்சியின் கையிடம் நின்றார்.

"இதுல ஆளே இல்லையேம்மா?"

"கைதான் சார்."

"அவரு கேட்டாரா?"

கேட்கவில்லை. அதை விட்டுவிட்டேன். வாளியிலிருந்து எடுத்து அவர் போனை நீட்டின பிறகு, துடைத்துப் பார்க்க எடுத்த ஒரு மூட்டப் படம் இருந்தது. கலங்கலாக, ஆனால் சிரித்த முகம். அதைப் போடச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து உறையைப் பிரித்தால் ஒன்பது பெண்களும் ஒரே நிறம், ரோஸ். பீடி அக்காவின் கன்னத்தில் ஒரு மருவைக் காணோம். ஆச்சிக்குச் சுருக்கமே இல்லை.

"டச்சப் பண்ணியிருக்கேன்மா, அதுக்குத் தனியா காசு இல்ல. எல்லாரும் கேப்பாங்க" என்றார் பெருமையாக.

யாரும் கேட்கவில்லை என்று சண்டை போட்டு, இருந்தபடியே மறுபடி போடச் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார். 1843-ல் கட்டின சுலோசன முதலியார் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றதில் இன்னும் நேரம் போய், முக்கூடல் பஸ்ஸைப் பிடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. ராத்திரி எனக்கு ரயில். இரண்டு கட்டையும் தம்பியிடம் கொடுத்து, ரோஸ் கட்டைக் கொடுக்காதே என்று மூன்று தடவை சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு – சென்னை

பாட்டியின் விரலைப் பிடித்த பச்சைக் குழந்தையின் கை ஜெயித்தது. குழந்தை விரலைப் போட்டால் எந்தப் போட்டியிலும் இதுதான் நடக்கும். என் படத்துக்குச் சிரிப்புப் பொம்மைகள் நிறைய, ஓட்டு 2. அதில் ஒன்று பரிதாப ஓட்டு, யார் போட்டது என்றும் தெரியும். அடுத்த தலைப்பு: நிழல்.

மத்தியானம் தம்பி முக்கூடலிலிருந்து கூப்பிட்டான். ஸ்பீக்கர் ஊமை என்பதால் காதோடு ஒட்டி வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு கட்டையும் கொடுத்துவிட்டானாம்.

"நான் என்னலே சொன்னேன்?"

"அவிய பைய எட்டிப் பாத்துட்டாவக்கா. நான் என்ன செய்ய?"

பீடி அக்கா ரோஸ் படத்தைப் பார்த்து "இது யாரு, என் தங்கச்சியா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டு அதைத்தான் ஆணியில் மாட்டினாராம். மற்றதை மகள் காலேஜ் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆச்சிக்கு மட்டும் ரோஸ் படம் பிடிக்கவில்லை, செத்தவ மாதிரி இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னொண்ணுக்கா. மறுபடி எப்ப வருவியன்னு அந்த அக்கா கேட்டாவ. அவிய மவளுக்கு பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வேணுமாம், காலேஜுல கேக்காவளாம். பின்னால வெள்ளத் துணி கட்டி எடுக்கணுமாம். நீலச் சுவர் ஆவாதாம்."